இரண்டு குண்டுமணி மருந்து

கூடையில் நான் முதலில் போட்டது டில்லன் 750. ஓட்டம் பிடித்துவிட்டால் கைப்பிடியை ஒருமுறை இழுக்க ஒரு தோட்டா விழும். மணிக்குச் சில நூறு. பகலெல்லாம் எதையாவது தானியக்கமாக்கிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அதைப் பார்த்த பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

நான் இருப்பது ஒஹாயோவில். கிரீன் கார்டு வந்த வருஷம், ஓய்வுபெறப் போகிற அலுவலக நண்பர் ஒருவர் சுடும் தளத்துக்குக் கூட்டிப்போனார். அவரிடம் இருந்தது .38 ஸ்பெஷல் ரிவால்வர். பிறகு நானும் ஒன்று வாங்கினேன். காகித வட்டங்களைத் தவிர எதையும் சுட்டதில்லை. சுட்டு முடித்ததும் நண்பர் குனிந்து வெற்றுக் கூடுகளைப் பொறுக்குவார். ஒரு தோட்டாவில் நான்கு பொருட்கள்: பித்தளைக் கூடு, பின்னால் ப்ரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு கூடு மட்டும் மிஞ்சும். மற்ற மூன்றையும் வாங்கி அடைத்தால் மறுபடியும் தோட்டா. சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்காவில் இதற்குத் தனியாக மத்திய உரிமம் தேவையில்லை; செய்து விற்கத்தான் வேண்டும்.

"துப்பாக்கிக்குப் பெட்டகம் வாங்கியாச்சு. இப்ப மருந்து வேற வீட்டுக்குள்ளயா?" என்றாள் மனைவி.

மருந்து. சாத்தூர்க்காரிக்கு அந்தச் சொல் பொதுப்பெயர் இல்லை. எனக்கும்தான். என் சித்தி பட்டாசு ஆலையில் பதினோரு வருஷம் மருந்து அடைத்தவள். எண்ணிக்கைக்குக் கூலி. அவளுடைய வலது கை மணிக்கட்டு வரை தோல் வேறு நிறத்தில் இருக்கும். சின்ன வயதில் காரணம் கேட்டபோது, "அன்னிக்குக் கொஞ்சம் வேகமாப் பாத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

நண்பரிடம் என் கூடையைக் காட்டினேன். பதில் பேசாமல் தன் கராஜுக்குக் கூட்டிப்போனார். சுவரில் ஒரு ரிவால்வர் குழல் ஆணியில் தொங்கியது. நடுவில் புடைப்பு, எலியை விழுங்கிய பாம்பு மாதிரி. தொண்ணூறுகளில், வேகமான இயந்திரத்தில் அவர் போட்ட தோட்டா. நடுவில் தொலைபேசி அடித்திருக்கிறது. ஒரு கூட்டில் மருந்தே விழவில்லை. ப்ரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளி நிறுத்திவிட்டது. சத்தம் குறைவாக இருந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டிருக்கிறார்.

"கை தப்பிச்சது என் சாமர்த்தியம் இல்ல," என்றார்.

.38 ஸ்பெஷலில் இன்னொரு வம்பும் உண்டு. அது கருமருந்துக் காலத்துக் கூடு, நீளமானது. இன்றைய புகையற்ற மருந்து அதில் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறிப்போய் இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. குண்டை மேலே வைத்துவிட்டால் வெளியிலிருந்து தெரியவும் தெரியாது.

அன்று இரவு கூடையைக் காலி செய்து திரும்ப நிரப்பினேன். ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், வார்ப்பிரும்பில் செய்த ஒற்றை நிலை ப்ரெஸ்: ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். மூன்று டை உள்ள கார்பைடு செட்; .38 மாதிரி நேரான கூட்டுக்கு அது இருந்தால் எண்ணெய் பூச வேண்டாம். ஒரு காலிப்பர். தப்பாகப் போட்டதைப் பிரித்தெடுக்க ஒரு சுத்தியல். ஐம்பது குழி உள்ள பலகை. லைமன் கையேடு, எந்த மருந்து, எந்தக் குண்டு, எவ்வளவு என்பதை அதில் பார்த்துத்தான் போட வேண்டும், ஞாபகத்திலிருந்து போடக் கூடாது. மிச்சப்பட்ட காசை ஒரு நல்ல தராசிலும் அதைச் சரிபார்க்கும் எடைக்கற்களிலும் போட்டேன்.

மருந்தை அளப்பது கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் 65 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் ஊர் நகைப்பட்டறைகளில் ஒரு காலத்தில் பொன் நிறுத்த குண்டுமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும். என் தோட்டா ஒன்றுக்குள் போவது சுமாராக இரண்டு குண்டுமணி எடை. கூடக் குறைய அரைக் குண்டுமணிக்குக்கூட இடமில்லை.

முதல் மாலை. மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து கராஜில் உட்கார்ந்தேன். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. ஐம்பது கூடுகளையும் பலகையில் நிறுத்தி ஒவ்வொன்றாக நிறுத்து ஊற்றினேன். முப்பதை நெருங்கும்போது கதவருகே சத்தம். "அப்பா, தண்ணி." கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஐம்பதும் முடிந்தது. குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் நண்பர். அடித்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு கூட்டில் மட்டும் மருந்து மேலே நின்றது. பக்கத்தில் இருப்பதைப் பார்த்தேன், மறுபடி அதைப் பார்த்தேன். இரண்டு மடங்கு.

இன்னொரு இயந்திரமாக இருந்தால் அந்தக் கூடு அப்போதே மூடிய தோட்டாவாகப் பெட்டிக்குள் கிடந்திருக்கும். அன்று நான் இருந்த நிலைமையில் அடுத்த சனிக்கிழமை அதைச் சுட்டும் இருப்பேன். ஐம்பதையும் டப்பாவில் திரும்பக் கொட்டினேன். கை நடுங்கியதால் கொஞ்சம் மேசையில் சிந்தியது. துடைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். அன்று ஒரு தோட்டாகூடச் செய்யவில்லை.

மறுநாள் சித்திக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நீயும் மருந்து அடைக்கியாக்கும்," என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நாளுக்கா, எண்ணிக்கைக்கா?"

"கூலிக்கு இல்ல சித்தி. எனக்கேதான்."

"அப்புறம் எதுக்குய்யா அவசரப்பட்ட?"

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் ஒரு மாலைக்கு ஐம்பதுதான். நடுவில் யார் கூப்பிட்டாலும் அதுவரை ஊற்றியதையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து.