பேஸ் வாசிக்கும்போது பேசாதீங்க!

எனக்கு ஜாஸ் பிடிக்கும் என்று நண்பர்களிடம் சொன்னால் மூன்று விதமான பதில் வருகிறது. முதல் ரகம்: "ஓ, கென்னி ஜி! எங்க ஆபீஸ் லிஃப்ட்ல தினமும் கேக்கறேனே." இரண்டாவது ரகம்: "தப்பா நினைச்சுக்காதீங்க பாஸ்... அதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" மூன்றாவது ரகம் பேசுவதே இல்லை. பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடும்.

இரண்டாவது ரகம் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் சீசனில் ஒரு பல்லவியை எடுத்துக்கொண்டு வித்வான் என்ன செய்கிறார்? சாகித்யம் ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நம்மை உட்கார வைக்கிறார். அன்றைக்கு அவருக்கு என்ன தோன்றுகிறது என்பதற்குத்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம். ஜாஸிலும் ஏறக்குறைய இதே கதை. பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய மெட்டு, 32 பார் நீளம். முதலில் அதை ஒழுங்காக வாசித்துக் காட்டுவார்கள். அப்புறம் அந்த மெட்டுக்கு அடியில் இருக்கும் கார்டு வரிசை மட்டும் சுற்றிச் சுற்றி வரும். அதன் மேல் ஒவ்வொருவராகத் தங்கள் சரக்கை அவிழ்ப்பார்கள். ஒரு சுற்றுக்குக் 'கோரஸ்' என்று பெயர். கடைசியில் எல்லோரும் மெட்டுக்குத் திரும்பி, மங்களம்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் ராகம் அசையாத தரை. ஜாஸில் கார்டுகள் மாறிக்கொண்டே இருப்பதால் தரை நகர்ந்துகொண்டே இருக்கும். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு கோலம் போடுகிற மாதிரி. போடுகிறார்கள், சார்!

"அது சரி, நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பவர்களுக்கு சார்லி மரியானோவைச் சிபாரிசு செய்கிறேன். பாஸ்டனில் பிறந்த ஸாக்ஸஃபோன்காரர். சார்ல்ஸ் மிங்கஸின் புகழ்பெற்ற 1963 ரிக்கார்டில் வாசித்தவர். அப்பேர்ப்பட்டவர் நாதஸ்வரத்தில் மயங்கி, தென்னிந்தியாவுக்கே வந்து கற்றுக்கொண்டு, 1970களில் தன் ரிக்கார்டுகளில் அதை வாசித்தும் வைத்தார். கல்யாண மண்டபத்தில் நாம் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு ஓடுகிறோமே, அதே நாதஸ்வரம்தான்.

ஓடுவது என்றதும் இன்னொரு ஒற்றுமை ஞாபகம் வருகிறது. சபாவில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி ஹால் கேன்டீன் பக்கம் நகரும் இல்லையா? ஜாஸ் கச்சேரியில் டபுள் பேஸ்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தால் போதும். அதுவரை மூச்சுவிடாமல் இருந்தவர்கள்கூட சர்வரைக் கூப்பிடுவார்கள். விட்ட இடத்திலிருந்து அரட்டையைத் தொடர்வார்கள். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். இதைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

* * *

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் வருகிற 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை ஜான் கோல்ட்ரேன் வாசித்தது என் அலமாரியில் ஐந்து தடவை இருக்கிறது.

"என்னங்க, இதே பாட்டைப் போன மாசம் வாங்கினீங்களே?"

"அது 1960. இது 1966."

"பாட்டு மாறிடுச்சா?"

"ஆள் மாறிட்டார்."

நிஜமாகவே மாறிவிட்டார். 1960-ல் ஸ்டூடியோவில் வாசித்தது 13 நிமிஷத்துச் சொச்சம். 1966 ஜூலையில் டோக்கியோ மேடையில் வாசித்தது 57 நிமிஷம்! நடுவில் நீங்கள் சாதம் வடித்து, ரசம் வைத்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து மறுபடி உட்காரலாம், பாட்டு இருக்கும். முதலாவதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தை சிரிக்கும். இரண்டாவதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கோல்ட்ரேன் இறந்துபோனார். வயது 40.

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தச் செலவின் லட்சணம் நன்றாகவே தெரியும். புது எல்.பி. ஒன்று மூவாயிரம் ரூபாய் வரை இழுக்கிறது. அதே இசை போனில் சல்லிசாகக் கிடைக்கிறது. வருமானம் கிடையாது, தேய்மானம் உண்டு. தூசியும் உண்டு. கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் பழைய ரிக்கார்டுக் கடைகளுக்குப் போனபோது, இரண்டு வேட்டி எடுத்துப் போன பையில் ஒன்பது ரிக்கார்டுகளை அடைத்துக்கொண்டு திரும்பினேன். இதை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் நான் வாங்குவது சாயங்காலங்களை. அந்த ராத்திரி, அந்த அறை, அந்த நாலு பேர். மறுநாள் அவர்களே நினைத்தாலும் அப்படி வாசிக்க முடியாது. அதில் நூற்றில் ஒன்றுதான் எப்படியோ டேப்பில் மாட்டிக்கொள்கிறது. அதுவும் எப்படியெல்லாம் மாட்டுகிறது!

1956 ஜூலை 7, நியூபோர்ட் விழா. ட்யூக் எலிங்டன் அப்போது கொஞ்சம் மவுசு குறைந்திருந்த நேரம். ஒரு பழைய ப்ளூஸ் உருப்படியின் நடுவில் பால் கான்ஸால்வெஸ் என்ற ஸாக்ஸஃபோன்காரர் எழுந்தார். 27 கோரஸ் விடாமல் வாசித்தார். கூட்டம் நாற்காலி மேல் ஏறி ஆடியது. அடுத்த மாதம் எலிங்டன் 'டைம்' பத்திரிகை அட்டையில்! எல்லாம் சரி, ஆனால் கான்ஸால்வெஸ் வாசித்தது தப்பான மைக்கில். ரிக்கார்டு கம்பெனியின் மைக்கை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோவின் மைக்கில் வாசித்துவிட்டார். அதனால் எல்.பி.யில் அந்த மகா சோலோ அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் கேட்கும். போதாததற்கு அதே எல்.பி.யின் வேறு பகுதிகளை ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை ஒட்டுப் போட்டிருந்தார்கள். பின்னால் ரேடியோக்காரர்களின் டேப் கிடைத்து, இரண்டையும் சேர்த்து முழுக் கச்சேரியாக வெளியிட்டது 1999-ல். 43 வருஷம் கழித்து அவர் முன்னால் வந்து நின்று வாசித்தார்.

இன்னொருவர் டீன் பெனடெட்டி. இவரும் ஸாக்ஸஃபோன்காரர்தான். சார்லி பார்க்கரைக் கேட்டதும் பக்தராகிவிட்டார். 1947, 48-ல் கிளப் கிளப்பாக மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ரிக்கார்டு செய்தார். பார்க்கர் வாசிக்கும்போது ஆன். மற்றவர்கள் வாசித்தால் ஆஃப்! அவ்வளவு சிக்கனம். காணாமல் போய்விட்டதாக நினைத்த அந்தத் துண்டு துணுக்குகள் 1990-ல் 7 சி.டி.யாக வந்தன. இவரைப் படித்த பிறகு நானெல்லாம் சாதாரண ஆள் என்று வீட்டில் வாதாட முடிகிறது.

* * *

இப்போது என் வழக்கு.

நியூயார்க்கில் 'வில்லேஜ் வேன்கார்ட்' என்று ஒரு கிளப். 1935-ல் ஆரம்பித்தது. படியிறங்கிப் போகும் முக்கோண வடிவ நிலவறை. நான் போனதில்லை, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் மேடை எந்தப் பக்கம் என்று காட்டுவேன், அத்தனை ரிக்கார்டு அங்கே பிறந்தது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பில் எவன்ஸ் பியானோ, பால் மோஷன் டிரம்ஸ், ஸ்காட் லஃபாரோ பேஸ். மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை ஐந்து செட். முதல் பாட்டிலேயே கரண்ட் போய் ரிக்கார்டிங் அறுந்தது. நியூயார்க்கிலும்!

அதுவரை பேஸ் என்றால் பின்னால் நின்று தாளத்தோடு நடை போடுகிற வாத்தியம். லஃபாரோ அதைப் பியானோவுக்குச் சரிசமமாகப் பேச வைத்தார். எவன்ஸ் ஒரு வரி சொன்னால் இவர் பதில் சொல்வார், குறுக்கே கேள்வி கேட்பார். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பேஸ் சோலோ வரும்போது இன்னொன்றும் கேட்கும். கிளாஸ்கள் உரசும் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். மேஜையில் மும்முரமாகப் பேச்சு.

11 நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. எவன்ஸ் பல மாதம் மேடை ஏறவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எந்தக் கச்சேரியிலும் பேஸ் ஆரம்பித்தால் நான் வாயைத் திறப்பதில்லை.

* * *

என்னை இந்த வழியில் இழுத்துவிட்டவர் பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர். ரெயில்வேயில் ரிட்டயர் ஆனவர். ஏரியாவுக்கே 'அங்கிள்'. பையனாக இருந்தபோது சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் வில்லிஸ் கானோவர் நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர். 1955-ல் ஆரம்பித்து பல வருஷம் கானோவர் உலகத்துக்கே ஜாஸ் ஒலிபரப்பினார். அந்த ரேடியோவைச் சொந்த நாட்டுக்குள் ஒலிபரப்ப அப்போது சட்டம் இடம் தராததால், அமெரிக்காவில் அவரைப் பலருக்குத் தெரியாது. பெரம்பூரில் தெரிந்திருந்தது!

1978-ல் பம்பாயில் முதல் ஜாஸ் யாத்ரா நடந்தபோது அங்கிள் ரெயில் ஏறிப் போய் ஸானி ராலின்ஸைக் கேட்டுவிட்டு வந்தார். "நீ ரிக்கார்ட்ல கேக்கறது போட்டோ மேன். நான் ஆளையே பாத்தேன்" என்பார்.

நாலைந்து வருஷமாக அவருக்குக் காது மந்தம். வயதானால் முதலில் போவது உச்சஸ்தாயி. சிம்பலின் 'ட்ஸ்ஸ்', ட்ரம்பெட்டின் பளபளப்பு, பேச்சில் ச, ஸ, ஃப எல்லாம் ஒவ்வொன்றாக விடைபெறும். கீழ்ஸ்தாயி பெரும்பாலும் கடைசிவரை தங்கும். காதுக்கு மெஷின் வாங்கினார். பேச்சுக்குப் பரவாயில்லை, பாட்டு மட்டும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறதாம். அதனால் ரிக்கார்டுகளை ஒவ்வொன்றாக எனக்குக் கொடுக்க ஆரம்பித்தார். ஓசியில் எல்.பி. வருகிறதே என்று சந்தோஷப்பட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் கவரைத் துணியால் துடைத்து, "ரெண்டாவது ஸைடு, மூணாவது பாட்டு. மறக்காம கேளு" என்பார்.

போன வருஷம் ஓர் ஐரோப்பியக் குழு சென்னைக்கு வந்தது. பியானோ, பேஸ், டிரம்ஸ். "எனக்கு எதுக்கு மேன், ஸீட் வேஸ்ட்" என்றவரை வற்புறுத்தி ஆட்டோவில் ஏற்றினேன். சின்ன ஹால். முதல் வரிசை, பேஸுக்கு நேர் எதிரே. இரண்டு உருப்படி வரை மேடையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாவதில் பியானோ ஓய்ந்தது. டிரம்ஸ்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பேஸ் மட்டும். ஆளை விட உயரமான வாத்தியம். சத்தம் மரமேடை வழியாக, தரை வழியாக, காலுக்குள் ஏறுகிறது. அங்கிள் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். அவருடைய ஷூ தாளம் போட ஆரம்பித்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் ஒரு கட்டைக்குரல், "வளசரவாக்கத்துல ஸ்கொயர் ஃபீட் இப்ப என்ன போகுது?"

ஷூ நின்றது.

திரும்பினேன். "சார், ரெண்டே நிமிஷம். இவருக்கு இது ஒண்ணுதான் கேக்கும்."

அவர் அங்கிளைப் பார்த்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த மெஷினைப் பார்த்தார். அதற்கப்புறம் வளசரவாக்கம் பற்றிப் பேச்சே இல்லை. சோலோ முடிந்ததும் ஹாலில் முதல் கைதட்டல் அவருடையது.

வெளியே வந்ததும் அங்கிள் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு மேஜையில் அந்தக் குழுவின் சி.டி.க்களை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த பேஸ் பையன் இதுல இருக்கானா பாரு."

"இருக்கார் அங்கிள்."

"ஒண்ணு வாங்கு. என் அலமாரிக்கு மேன், உனக்கில்ல" என்று பர்ஸை எடுத்தவர், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு என் காதருகே வந்தார். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"டிஸ்கவுண்ட் கேளு. எனக்குப் பாதிதானே கேக்குது!"