ராஜாவுக்கும் டோல்

பிரிட்டன் டூர் போய் வந்து எட்டு மாதமாகிறது. கோகினூர் வைரம் பார்த்தாயா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தேன். லண்டன் டவரில் நகரும் பட்டையில் ஏற்றிவிடுகிறார்கள். திருப்பதி ஜருகண்டிதான், தள்ளுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவே. என் மனசில் தங்கியது அயர்ன்பிரிட்ஜ்.

செவர்ன் ஆற்றின்மேல் 1779-இல் எழுப்பிய பாலம். உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம். எங்கள் பஸ் நின்றதென்னவோ பாத்ரூமுக்காக. “பாலத்துல என்ன சார் இருக்கு?” என்று பாதிப்பேர் இறங்கவே இல்லை. புளியோதரை டப்பாவைத் திறந்துவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 31 வருஷம் ரோலிங் மில்லில் வெந்தவன் நான். எனக்கு உட்கார முடியுமா?

நிறத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நம் ஊர் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்த மாதிரியே. அப்புறம் இணைப்புகளைத் தேடினேன். துளை, கழுந்து, ஆப்பு! எல்லாம் ஆசாரி வேலை. அதற்கு முன்னால் இவ்வளவு பெரிய பாலத்தை இரும்பில் கட்டிப் பழகியவர் யார்? தெரிந்தது மரவேலை; அதையே இரும்பில் செய்துவிட்டார்கள். சுமார் 378 டன்னைக் கயிற்றுக்கட்டில் மாதிரி முடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஓர் ஆப்பின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. எங்கள் ஷெட்டில் நான் சில்லென்ற இரும்பைத் தொட்டதே இல்லை.

கட்டிய மூன்றாம் ஆப்ரகாம் டார்பிக்குச் செலவு கைமீறிப்போய், சாகும்வரை கடன் தீரவில்லையாம். போட்ட காசை எடுக்க வேண்டுமே! சுங்கச்சாவடிச் சுவரில் கட்டணப் பலகை இருக்கிறது. நடந்து போகிறவனுக்கு அரைப் பென்னி. பன்றிக்கும் அதே அரைப் பென்னி. கடைசியில் ஒரு குறிப்பு: இது தனியார் சொத்து, படை அதிகாரியோ சிப்பாயோ, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டணம் உண்டு, தபால் வண்டிக்கும் உண்டு, அரச குடும்பத்துக்கும் உண்டு.

அதை மூன்று தரம் படித்தேன். எங்கள் நல்லூர் டோலில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த வரியின் ருசி தெரியும். கண்ணாடியில் கட்சிக்கொடி, ‘பிரஸ்’, ‘அட்வகேட்’; இவை எதுவும் இல்லாதவன் ஒன்றியச் செயலாளருக்கு மச்சான். நாற்பது லட்ச ரூபாய்க் காரிலிருந்து இறங்கி, “நான் யார் தெரியுமா?” என்று கேட்பான். பின்னால் சிப்காட்டுக்குப் போகிற ஸ்கிராப் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். நல்லூருக்கு அப்படியொரு பலகை செய்து மாட்ட வேண்டும். தகடு வெட்டி, எழுத்து வார்த்துக் கொடுக்க எங்கள் ஊரில் ஆளா இல்லை?

அயர்ன்பிரிட்ஜில் 1934-இல் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். 1950-இல் நடைக்காசும் போயிற்று. நான் காசு கொடுக்காமலே அக்கரைக்குப் போய்த் திரும்பினேன். பஸ்ஸில் புளியோதரை தீர்ந்திருந்தது.