தண்ணீருக்குள் எடையில்லாத சாமான்



அந்தமான் படங்களைப் போட்டதிலிருந்து பவளப்பாறையைப் பற்றியும் ஆமையைப் பற்றியும் எழுதச் சொல்லிப் பலரும் கேட்கிறீர்கள். ஒருவர் மட்டும், விமான நிலையத்தில் எடுத்த படத்தில் எங்கள் காலடியில் திறந்து கிடக்கும் அந்தப் பெரிய கறுப்புப் பை என்ன சார் என்று கேட்டிருந்தார். ஆமையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பையைப் பற்றி எழுதுகிறேன்.

பை என்னுடையது இல்லை. 2006-இல் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவனுடையது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கூடப் படித்தவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அவன் தாத்தா நம்ம தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். பேரன் இன்று ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்கூபா கற்றுக்கொடுக்கிறான். ஆக, அவனும் வாத்தியார்தான். ஜூன் மாதம் மழை தொடங்கினால் அங்கே வேலை குறைந்துவிடும், ஊருக்கு வந்துவிடுவான். அக்டோபரில் திரும்பிப் போவான். போகும்போது அதே கடையில் வேலை இருக்கும் என்பது நிச்சயமில்லை. அதனால் தன் சாமானை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. பயிற்சியாளர் என்றால் சொந்தச் சாமான் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தப் பை கடலைத் தாண்டுகிறது.

இந்த முறை, "நீங்களும் அக்காவும் வாங்க சார், நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். (என் மனைவியை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். என்னை மட்டும் அண்ணன் என்று கூப்பிட அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.) ஊரிலிருந்து சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் படுக்கை வகுப்பு. ரயிலில் அந்த வகுப்புக்கு ஆளுக்கு 40 கிலோ இலவசம். பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான், அவ்வளவுதான். மறுநாள் விமானம். அங்கே ஆளுக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ.

வாத்தியார் புத்தி போகுமா? கிளம்புவதற்கு முந்தின நாளே அவன் வீட்டுக்குப் போய், கொக்கித் தராசை வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பி.சி.டி. என்கிற காற்றுச் சட்டை 3.6 கிலோ. தண்ணீருக்குள் மேலே கீழே போகாமல் மிதப்பைச் சரிசெய்வது அதுதான். காலில் மாட்டுகிற துடுப்பு, அவர்கள் ஃபின்ஸ் என்கிறார்கள், இரண்டும் சேர்ந்து 2.4. அதற்குள் போடுகிற ரப்பர் காலணி 1. வெட்சூட் 2.2. கத்தி, மிதவைக் குழாய், நூல் சுற்றிய உருளை, சின்னச் சின்ன ஸ்பேனர் எல்லாம் சேர்ந்து 1.8. கூட்டினால் 11. சக்கரம் வைத்த அந்தப் பை மட்டும் காலியாகவே 3.6! ஆக 14.6 கிலோ. மாற்றிக்கட்ட ஒரு கைலி வைத்தாலே 15-ஐத் தொட்டுவிடும்.

சிலிண்டர் இதில் சேர்த்தி இல்லை. அதை யாரும் விமானத்தில் கொண்டுபோவதில்லை. காலியாக, வால்வைக் கழற்றித்தான் ஏற்ற வேண்டும் என்பது பொதுவான விதி. அந்தத் தொல்லை யாருக்கு வேண்டும்? வழக்கமான அலுமினியச் சிலிண்டர் காலியாகவே 14 கிலோ பக்கம் வரும். 11 லிட்டர் கொள்ளளவு, 200 பார் அழுத்தம் என்றால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் ஏறக்குறைய இரண்டரை கிலோவுக்கு மேல். காற்றுக்கு எடை உண்டு என்று பலூனைத் தராசில் கட்டிக் காட்டினேனே, அன்றைக்குச் சிரித்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடுப்பில் கட்டுகிற ஈயக்கட்டியும் அங்கேயே கிடைக்கும். அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் கயிற்றில் கல்லைக் கட்டி, அதன்மேல் கால்வைத்து இறங்குவார்கள். அந்தக் கல்லின் வேலையைத்தான் இன்று ஈயம் செய்கிறது. 1961-க்குப் பிறகு நம்ம பக்கம் முத்துக்குளிப்பே இல்லாமல் போனது வேறு கதை.

ரெகுலேட்டரை மட்டும் அவன் பெரிய பையில் வைக்க விடவில்லை. சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவருகிற கருவி அது. 2.9 கிலோ. கூட, மாஸ்க்கும் மணிக்கட்டில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டரும். மூன்றையும் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டான். "பெரிய பை தொலைஞ்சா கடையில கடன் வாங்கிக்கலாம் சார். இது மூச்சு. வேற ஒருத்தன் வாயில வச்சத, எப்ப சர்வீஸ் பண்ணுனதுன்னு தெரியாதத, நான் நம்ப மாட்டேன்" என்றான். டார்ச்சுக்கான லித்தியம் பேட்டரியும் கையில்தான் இருக்க வேண்டும். உதிரி பேட்டரியைப் பெட்டியில் போட எந்த விமானத்திலும் அனுமதி இல்லை. கத்தி இதற்கு நேர்மாறு. அது கீழே போகிற பெட்டியில்தான் போக வேண்டும். டைவ் அடிக்கிறவனின் மூட்டையை எடை மட்டும் பிரிப்பதில்லை. தீயும் கத்தியும் மூச்சும் சேர்ந்து பிரிக்கின்றன.

சென்னையில் கவுண்டருக்கு வந்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். பெரிய பை 23 கிலோ காட்டியது. சாமானும் பையும் 14.6, மீதி 8.4 அவன் துணிமணியும் அம்மா கட்டிக்கொடுத்ததும். இட்லிப் பொடி, முறுக்கு, கூடத் தங்கியிருக்கும் பையன்களுக்கு மக்ரூன் நாலு பெட்டி, ஒரு சம்படம் நார்த்தங்காய் ஊறுகாய். கூடுதல் 8 கிலோ. கிலோவுக்கு 600 ரூபாய். மொத்தம் 4,800.

எங்கள் இருவருக்கும் சேர்த்து 30 கிலோ உண்டு, எங்கள் பெட்டிகள் இரண்டும் சேர்ந்து 17-தான். மூவரையும் சேர்த்து எடை போடுங்களம்மா என்றேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் ஒரு பி.என்.ஆர்., அவருக்கு வேற பி.என்.ஆர். சார். சேர்க்க முடியாது" என்றது. அவன் டிக்கெட்டை அவன் முன்னமே எடுத்துவிட்டான், எங்களுடையதை மருமகன் எடுத்தார். ஒரே விமானம், ஒரே வரிசை இருக்கை, ஒரே ஊர்க்காரர்கள். ஆனாலும் எண் வேறு.

அவன் பணம் எடுக்கப் பர்ஸைத் திறந்தான். திறந்தவன் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டான்: "சார், இதுல அந்த எட்டு கிலோ எது? என் தொழிலா, எங்கம்மா குடுத்ததா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தராசுக்கும் தெரியாது.

அந்தப் பெண்தான் குரலைத் தாழ்த்தி, "ஐயா, நேரம் இருக்கு. ஓரமா போய் உங்க பெட்டிக்கு மாத்திக்கிட்டு வாங்க" என்றது. நல்ல பிள்ளை. நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்ததுதான். என் மனைவி பட்டுப்புடவைக்கும் சுங்குடிக்கும் நடுவில் வெட்சூட்டை மடித்து வைத்தாள். ஃபின்ஸ் என் பெட்டியில் குறுக்காகத்தான் நுழைந்தது. காலணியும் மக்ரூனும் ஊறுகாயும் பின்னாலேயே வந்தன. ஒரு பைசா கட்டாமல் போய்ச் சேர்ந்தோம்.

ஆனால் இந்த முறை நாங்கள் இருந்தோம். மற்ற நேரங்களில் தனியாகப் போகிறவன் என்ன செய்வான்? முன்கூட்டியே இணையத்தில் கூடுதல் எடையை வாங்கிவிடுவானாம். கவுண்டரைவிட அது மலிவு. ஆனாலும் பணம்தான். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அதுவும் மழைக்காலம் முடிந்து, நாலு மாதம் சரியான வருமானம் இல்லாத நேரத்தில்.

விமானத்தில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். விமானத்தில் கூடுதலாக ஏற்றுகிற எடையைச் சுமக்க, அந்த எடையில் மணிக்கு ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம் எரிபொருளாகச் செலவாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (அரசு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்கிறது) ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம். நாலு சதவீதம் என்றே வைத்தாலும் 8 கிலோவுக்கு முக்கால் கிலோ எரிபொருள்கூட வராது. லிட்டருக்கு மட்டம் தட்டி நூறு ரூபாய் போடுங்கள். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேட்டது 4,800.

தூக்கிப் போடுகிற தொழிலாளிக்குக் கூலி வேண்டாமா, சரக்கு ஏற்றும் இடத்துக்கு விலை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பல நிறுவனங்கள் சொல்வது அந்தத் தொழிலாளிகளின் முதுகுக்காகத்தான். அந்த விதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் வரிசையில் நிற்கிறவனுக்கு வேறு வழி இல்லை என்பதற்கும் ஒரு விலை அந்த 600-இல் இருக்கிறது. முந்தின நாள் வீட்டிலிருந்து வாங்கினால் ஒரு விலை, கவுண்டரில் ஒரு விலை என்றால் கிலோ ஒன்றுதானே, மாறியது என்ன? இன்னொன்று, என் எடை 82, அவன் 58. என்னை யாரும் தராசில் ஏறச் சொல்லவில்லை. சொல்லாதவரை நல்லதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று தொடங்கியது 2008-இல். எரிபொருள் விலை ஏறியதுதான் அன்று சொன்ன காரணம். விலை இறங்கியபோது கட்டணம் இறங்கியதா என்று நீங்களே சொல்லுங்கள். இங்கேயும் பெட்டி இல்லாமல் வருகிறவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் கொடுக்கலாம் என்று 2021-இல் அனுமதி வந்துவிட்டது. வெறுங்கையோடு போகிறவனுக்கு லாபம். தொழிற்கருவியோடு போகிறவனுக்கு?

சில நிறுவனங்கள் விளையாட்டுச் சாமான் என்று தனியாக ஒரு சலுகை வைத்திருக்கின்றன, சில நிறுவனங்கள் எல்லாவற்றையும் பொது எடையிலேயே சேர்த்துவிடுகின்றன. எதுவானாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள். விளையாட்டு என்கிற வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. கோல்ஃப் மட்டை கொண்டுபோகிறவருக்கு அது பொழுதுபோக்கு. இவனுக்கு அந்தத் துடுப்பு தச்சனுக்கு உளி மாதிரி.

நம்மைப் போலச் சும்மா பார்க்கப் போகிறவர்கள் எதையும் சுமக்க வேண்டியதில்லை. முதல் தடவை இறங்குகிறவர்களுக்குக் கடையிலேயே எல்லாம் கொடுத்துவிடுவார்கள், அந்தக் கட்டணத்திலேயே அடக்கம். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் மாஸ்க் வாங்குங்கள், அது முகத்துக்கு முகம் மாறும். என்னைப் போலச் சோடாபுட்டி ஆசாமிகளுக்குப் பவர் கண்ணாடி வைத்த மாஸ்க் கிடைக்கிறது. அரைக் கிலோகூட இல்லை. மீசையைக் கொஞ்சம் கத்தரிக்க வேண்டிவந்தது, அது தனி வருத்தம்.

திரும்பும்போது இன்னொரு கணக்கு உண்டு. பலமுறை டைவ் அடித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். ரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் மேலே அழுத்தம் குறைந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பிவிடும். உடம்பு காய்கிற அந்த நேரத்தில் சாமானும் காய வேண்டும் என்று அவன் சொன்னான். வெட்சூட் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டு, என் கொக்கித் தராசில் மாட்டினோம். அலசினதும் 3.5 காட்டியது. மறுநாள் காலை 2.3. ஈரத்தோடு ஏற்றியிருந்தால் 1.2 கிலோ, 720 ரூபாய், வெறும் தண்ணீருக்கு!

இத்தனை சண்டையும் கரையில்தான். கடலுக்குள் ஏழெட்டு மீட்டர் ஆழத்தில், கையைக் கட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அவன் அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேன். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயம், உடம்பெல்லாம் அந்தக் கறுப்புப் பையிலிருந்து வந்த சாமான். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசி பெஞ்சுக்காரன் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாக்கி, சரியா சார் என்று கேட்டான். நானும் வட்டம் காட்டினேன்.

நேற்று போன் பண்ணினான். அடுத்த அக்டோபரில் அம்மாவைக் கூட்டிப் போகப் போகிறானாம். அந்த அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. இந்த முறை ஒரே பி.என்.ஆரில் இரண்டு டிக்கெட், 30 கிலோ. அம்மா துணி நாலு கிலோகூட வராது, மீதி எல்லாம் என் சாமானுக்கு என்று குஷியாகத்தான் இருந்தான். அதற்குள் அந்த அம்மா, அங்கே ஒரு மாதம் மிக்ஸியில் அரைத்தெல்லாம் மீன்குழம்பு வைக்க முடியாது, எனக்கும் 15 கிலோ உண்டுதானே என்று கேட்டுவிட்டார்களாம். என் தராசை வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மி மட்டும் 19 கிலோ. குழவியைத் தனியாகக் கைப்பையில் வைத்தால் விடுவார்களா என்று வாத்தியாரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.