சிவகாமியின் வயது

பதின்வயதினருக்கென்று தமிழில் நாவல் இல்லை என்கிறார்கள். குழந்தைகளுக்கு அம்புலிமாமா இருந்தது, பெரியவர்களுக்கு மற்றதெல்லாம். நடுவில் நிற்பவன் கைக்குக் கிடைத்ததைப் படித்தான். ஆனால் நம் இலக்கியத்தின் காதலர்கள் பெரும்பாலும் இந்த நடுவயதுக்காரர்கள்தான். சிலப்பதிகாரம் தொடங்கும்போது கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16. களவியல் உரைகாரர் தலைவிக்கும் தலைவனுக்கும் சொல்லும் கணக்கும் இதுவே. வயதைச் சொன்னார்கள், அந்த வயதை எழுதவில்லை. 12 வயதுப் பெண்ணின் வாயில் பேசுவது முதிர்ந்து கனிந்த வேறொரு மனம்.

அந்த வயதை எழுதிய நாவல், எழுதியவரே அறியாமல் எழுதிய நாவல், ‘சிவகாமியின் சபதம்’ என்பது என் கட்சி. 1944 முதல் 1946 வரை கல்கி வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. மணிக்கொடிக்காரர்களுக்கும் கல்கிக்கும் நடந்த சண்டையில் நியாயம் புதுமைப்பித்தன் பக்கம்தான்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மாறுவேஷங்களையும் ஒற்றர்களையும் தற்செயல்களையும் ஒதுக்கியது சரியே. ஒதுக்கியதில் சிவகாமியும் சேர்ந்து போய்விட்டாள்.

நான் அதைக் கேட்டது பிள்ளையார்பாளையத்தில், தறி ஓரத்தில். கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. நெய்கிறவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைப் போட ஒரு பையன் வேண்டும். 15 வயதில் அந்தப் பையன் நான். கை ஓயாது, காது சும்மா இருக்கும். தார் சுற்றி முடித்த பிறகு அக்கா, பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்து யாரோ பைண்டு செய்து வைத்திருந்த தொடரை உரக்க வாசிப்பாள். விளம்பரங்களையும் விடமாட்டாள். யுத்தங்களை வேகமாகக் கடப்பாள். சிவகாமி பேசும் இடங்களில் குரல் மாறும். கடைசி அத்தியாயத்தை மட்டும் மனசுக்குள் படித்துக்கொண்டாள். கேட்டதற்கு, “அவ்ளோதாண்டா, முடிஞ்சிடுச்சு” என்றாள். பிறகு நானே எடுத்துப் படித்தேன்.

துர்கனேவின் ‘முதற் காதல்’ (1860) மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் பதிப்பில் பின்னால் கிடைத்தது. அதில் ஓர் இடம். 16 வயதுப் பையன் உயரமான மதில்மேல் உட்கார்ந்திருக்கிறான். கீழே வந்து நிற்கும் ஜினாயிதா, உண்மையாகவே என்னை நேசிக்கிறாய் என்றால் குதி என்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் குதித்துவிடுகிறான். முதற் காதலின் தர்க்கம் முழுவதும் இதில் இருக்கிறது. அது நிரூபணம் கேட்கும். அந்த நிரூபணம் உடம்பால், உடனே தரப்பட வேண்டும்.

சிவகாமி கேட்பதும் இதையேதான். வாதாபியில் சிறையிருப்பவளை அழைத்துப்போக மாமல்லன் மாறுவேஷத்தில் வந்து நிற்கிறான். அவள் வர மறுக்கிறாள். நகரத்தை எரித்துவிட்டு வந்து அழைத்துப் போ என்கிறாள். விமரிசகன் இதை நாடகத்தனம் என்பான். வீராங்கனை என்பான் ரசிகன். இரண்டும் இல்லை, மதிலடியில் நின்று ‘குதி’ என்று சொல்லும் குரல் இது. வித்தியாசம் ஒன்றுதான். மதிலிலிருந்து குதிக்க ஒரு கணம் போதும். வாதாபியை எரிக்கப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்த வருஷங்களில் மாமல்லன் வளர்ந்துவிடுகிறான். பட்டத்துக்கு வருகிறான், பாண்டியன் மகளை மணக்கிறான், தகப்பனாகிறான். சொன்ன சொல்லையும் காப்பாற்றுகிறான், அந்தச் சொல் யாரிடம் சொல்லப்பட்டதோ அந்த மனிதனாக இல்லாமல். சபதம் சொன்ன வயதிலேயே நின்றுவிட்டவள் அவள் மட்டும். காஞ்சிக்குத் திரும்பி வந்து ராணியையும் குழந்தைகளையும் தெருவில் பார்க்கும்போதுதான் இத்தனை வருஷமும் ஒரே அடியாக அவள்மேல் விழுகிறது.

சிவகாமி கல்கியின் கற்பனை. இருந்தும் இந்த ஊர்ப் பையன்கள் அவளைக் கைலாசநாதர் கோயில் சிற்பங்களில் தேடியிருக்கிறார்கள். அதைக் கட்டிய ராஜசிம்மன் மாமல்லனின் கொள்ளுப்பேரன் என்பது தேடுகிறவனுக்கு முக்கியமில்லை.

துர்கனேவ் தம் கதையை எந்த ஆறுதலும் இல்லாமல் முடிக்கிறார். ஜினாயிதாவைப் பார்க்கப் போவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுகிறான் வளர்ந்துவிட்ட அந்தப் பையன். போகும்போது அவள் பிரசவத்தில் இறந்து நாலு நாள் ஆகியிருக்கிறது. கல்கியால் அப்படி விடமுடியவில்லை. ஏகாம்பரநாதர் சன்னிதியில் சிவகாமிக்குத் திருமாங்கல்யம் ஏறுகிறது, அவள் ஆடுகிறாள், மாமல்லன் கண்ணீரோடு ஓசைப்படாமல் வெளியேறுகிறான். வாசகர்கள் நெக்குருகிப்போன இடம். இந்த முடிவு அச்சானது 1946இல். மறுவருஷம், 1947இல், பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது. முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் பேசத் தொடங்கி ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியிருந்தது. சட்டசபை கொடுமை என்று முடிவுகட்டியதை நாவல் முக்தி என்று முடித்துவைத்தது.

பையன் வளர்ந்து மறக்கலாம், பெண்ணைத் தெய்வத்திடம் சேர்த்துவிடலாம் என்பது பெரியவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அதுவரை சிவகாமியின் பிடிவாதத்தை அவ்வளவு உண்மையாக எழுதிவந்த கை, கடைசி அத்தியாயத்தில் பெரியவர்களின் கையாகிவிட்டது. அந்த ஒரு அத்தியாயத்தை உரக்க வாசிக்க முடியாமல் போன வாசகி ஒருத்தி இருந்தாள். அதைவிடக் கறாரான கல்கி விமரிசனம் எதையும் நான் இதுவரை படித்ததில்லை.