தம்பியின் கைப்பேசி

சென்ற ரமலானில் ஒரு சஹர் நேரம். திருச்சுழியில் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தம்பி தன் கைப்பேசியை என் பக்கம் நீட்டினான்.

“அண்ணே, இதப் படிச்சுப் பாருங்க. எனக்கு மட்டும் இல்லையாம்.”

மனச்சிதைவு நோய்க்காக அவன் க்ளோசபின் என்னும் மாத்திரையை உட்கொள்கிறான். மற்ற மருந்துகள் பலன் தராதபோது கொடுக்கப்படும் மருந்து இது. வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முறை தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உறக்கத்தில் வாயிலிருந்து நீர் வழிவது இம்மருந்தின் பக்கவிளைவுகளுள் ஒன்று. இதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. நனைந்த தலையணை உறையை ஃபஜ்ர் பாங்குக்கு முன்பே எழுந்து, யாரும் பார்க்காமல் அவன் துவைத்துப் போட்டு வந்திருக்கிறான், பல வருடங்களாக. அதை ஷைத்தானின் வேலை என்று அவன் நினைத்திருந்தானாம். அடுத்த முறை மதுரைக்குச் சென்றபோது மருத்துவரிடம் அவனே சொன்னான். அவர் மருந்தின் அளவைச் சற்று மாற்றித் தந்தார். ஈரம் முற்றிலும் நிற்கவில்லை, குறைந்தது.

அவனுக்கு நோய் கண்டது 2010இல். வயது 21. அருப்புக்கோட்டை நூற்பாலையில் இரவுப் பணியில் இருந்தவன், இயந்திரங்களின் இரைச்சலுக்குள் யாரோ தன்னைப் பெயர் சொல்லி ஏசுவதாகக் கூறினான். ஜின் என்றார்கள், செய்வினை என்றார்கள். ஓதிய தண்ணீரும் தாயத்தும் வந்தன. பிறகு அத்தா அவனை நரிக்குடி, பரமக்குடி, ராமநாதபுரம் என்று பேருந்து மாறி ஏர்வாடிக்கு அழைத்துச் சென்றார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட இயலாமல் மாண்டதை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அத்தா ஸியாரத் செய்து, துஆக் கேட்டு, மகனை அங்கே விட மனமின்றி அன்று மாலையே திரும்பிவிட்டார். (மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. ஏர்வாடியிலும் இன்று துஆவோடு மருந்தும் கிடைக்கிறது.)

மருந்தால் தம்பி தேறினான். கைப்பேசி வந்தது. கூடவே புதிய தொல்லையும் வந்தது. காணொளிகளில் பேசுவோர் தன்னைக் குறித்தே பேசுகிறார்கள் என்றான். ஒன்றைப் பார்த்தால் அதே போன்ற பத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது அந்த இயந்திரத்தின் இயல்பு. நமக்கு அது வெறும் சலிப்பு. அவனுக்கோ, தான் அஞ்சியது உண்மைதான் என்பதற்குப் பத்துச் சாட்சிகள். நாங்கள் கைப்பேசியைப் பறித்து பீரோவில் வைத்துப் பூட்டினோம். அவன் பேச்சையே நிறுத்திக்கொண்டான். பறிக்க வேண்டாம், இரவில் மட்டும் அணைத்து வைக்கட்டும், தூக்கம் கெட்டால்தான் ஆபத்து என்று மருத்துவர் சொன்ன பிறகே திருப்பிக் கொடுத்தோம்.

ஆனால் பெரிய கேட்டை விளைவித்தவன் நான். மனநல மாத்திரைகள் மூளையை அரித்துவிடும் என்று யாரோ பேசிய ஒரு காணொளியை, அக்கறை என்று எண்ணி அவனுக்கு அனுப்பினேன். அவன் மாத்திரைகளைச் சீமைக்கருவேலம் வேலிக்கு அப்பால் வீசிவிட்டான். ஒன்பதாம் நாள் நள்ளிரவில் வீட்டில் அவன் இல்லை. குண்டாற்று மணலில் செருப்பின்றி உட்கார்ந்திருந்தவனை விடியும் நேரத்தில் கண்டோம். இந்த மருந்தை இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டியிருந்தது. அவன் பழையபடி ஆக மாதங்கள் பிடித்தன.

அதன்பின் ஒரு ஜும்ஆ பயானில் ஹஜரத் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை விளக்கினார். வந்த செய்தியை விசாரிக்காமல் நம்பினால், அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்த நேரும் என்ற எச்சரிக்கை அது. தம்பி பக்கத்தில் அமர்ந்திருந்தான். நான் தலை நிமிரவில்லை.

விசாரிக்கும் வழக்கம் என்னைக் காட்டிலும் அவனுக்கே விரைவில் வந்தது. “காதில் குரல் கேட்கிறது” என்று தேடினால் சூனியம் எடுப்பவர்கள்தாம் வரிசையாக வருகிறார்கள். மருத்துவரிடம் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, அச்சொற்களைக் கொண்டு தேடியபோது வேறோர் உலகம் திறந்தது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைப் பற்றி எனக்குச் சொன்னவன் அவன்தான். பேசுபவர் யார், என்ன படித்தவர், கடைசியில் எண்ணெயோ பொடியோ விற்கிறாரா என்று பார்க்கிறான். புதிதாக எது கண்டாலும் மருத்துவரிடம் கேட்பதற்காகக் குறித்து வைக்கிறான். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 அவன் கைப்பேசியில் இருக்கிறது. ஓரிரவு எங்களை எழுப்பாமல் அவனே அழைத்துத் தமிழில் பேசியிருக்கிறான்.

சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமு ஒரு காணொளி அனுப்பினார். கருஞ்சீரகம் இருக்க மாத்திரைகள் எதற்கு என்று அதில் ஒருவர் கேட்டார். தம்பி கருஞ்சீரகத்தின் சிறப்பை மறுக்கவில்லை. “மாமு, மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் மருத்துவரா?” என்று மட்டும் எழுதினான்.

மறுநாள் மாமு என்னை அழைத்தார். “உன் தம்பி பெரியவங்கள எல்லார் முன்னாடியும் கேள்வி கேக்குறான்பா.”

“ஆமா மாமு. அவரு டாக்டரா?” என்றேன்.