ஒரு குறுக்குத் தண்டும் சில சிந்தனைகளும்

தமிழ் படித்தவன் கையில் ஸ்பானர் இருக்கக் கண்டால் நம்மவர் நகைப்பர். அவன் கையில் இருக்கவேண்டியது ஏடு, தவறினால் வெண்கட்டி. கையிற் கிறீஸ் படிவது வேறொரு கூட்டத்தாருக்கு விதிக்கப்பட்டது என்னும் எண்ணம் எமது சமூகத்திலே ஆழ வேரூன்றிக் கிடக்கிறது. நிலவுடைமைக் காலம் விட்டுச்சென்ற இந்த எண்ணத்தைச் சாதி ஒருபுறமும் உத்தியோக மோகம் மறுபுறமும் நீரூற்றி வளர்த்துள்ளன. அண்மையில் எமது பழைய காரின் பின்புறத்தில் ஒரு குறுக்குத் தண்டை நாமே பூட்டினோம். செய்தி சிறிது. ஆயினும், அவ்வேலையின்போது எழுந்த சிந்தனைகள் ஆசிரியரும் மாணவரும் கூடி ஆராயத் தக்கன. ஆதலின் எழுதத் துணிந்தோம்.

நாம் கற்பிப்பது ஹற்றன் பகுதிப் பாடசாலை ஒன்றில். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 பெருந்தெருவை அறிந்தவர்க்கு வளைவு என்றால் யாதென விளக்கவேண்டியதில்லை. பெருந்தெருவாவது தார் கண்ட தெரு. அதிலிருந்து லயன்களை நோக்கிப் பிரியும் தோட்டப் பாதைகள் பலவற்றில் கல்லும் குழியுமே மிச்சம். நாம் வைத்திருப்பது 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிற் செய்யப்பட்ட ஒரு டொயோட்டா கொறோலா. 110 என்று நம்மவர் அழைக்கும் இனம். ஆடம்பரத்துக்காக வாங்கியதன்று. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வந்த பின்னரும், நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளுக்காகவோ மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த முதியவருக்காகவோ எமது கதவு தட்டப்படுவதுண்டு. லயத்திலே கார் உடையவன் ஒருவன் இருந்தால் அது அவனுடைய கார் மட்டுமாக இருப்பதில்லை.

அதை விற்றுப் புதியதொன்று வாங்கலாமே என்பர் சிலர். 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இடையிலே 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்து ரூபாவின் பெறுமதியை விழுங்கிற்று. தடை நீங்கிய பின்னரும் வரியின் சுமை புதிய காரை ஆசிரியனின் கைக்கு எட்டாத உயரத்திலேயே வைத்திருக்கிறது. இருப்பதைப் பேணிக் காப்பதன்றி வேறு வழி எமக்கில்லை.

இனி அந்தத் தண்டு யாது, எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். ஏர்ல் மக்பர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1940களின் பிற்பகுதியில் ஒரு முறையை வகுத்தார். சுருள்வில்லையும் அதிர்வைத் தணிக்கும் குழாயையும் ஒரே தூணாக்கிச் சக்கரத்துக்கு மேலே நிறுத்தும் முறை அது. 1950 இல் இங்கிலாந்தில் அறிமுகமான போர்ட் கொன்சல், செபிர் கார்கள் அதனைப் பரப்பின. செலவு குறைவு, இடமும் மிச்சம். ஆகையால் உலகெங்கும் சாதாரண மக்களின் கார்களில் அது குடிபுகுந்தது. அத்தூணையே ஸ்ட்ரட் என்கிறோம். பெரும்பாலான கார்களில் அது முன்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. எமது 110 இலோ நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. 2000 ஆம் ஆண்டில் வந்த அடுத்த தலைமுறைக் கொறோலாவில் பின்புறத் தூணை நீக்கி, முறுகும் அச்சொன்றை வைத்துவிட்டார்கள்.

காரின் உடல் மெல்லிய தகட்டாலான பெட்டி. சக்கரத்துக்கு மேலே அத்தகடு குவிந்து சிறு கோபுரம்போல் எழுகிறது. ஸ்ட்ரட்டின் தலை அதன் உச்சியில் நட்டுகளாற் பிணிக்கப்பட்டிருக்கிறது. கார் வளைவிலே திரும்பும்போது தெரு சக்கரத்தின் அடியை ஒருபுறம் தள்ளுகிறது. தூண் நெம்புகோலாகி, அதன் தலை கோபுரத்தை மறுபுறம் தள்ளுகிறது. குழியில் விழும்போது ஒரு கோபுரம் மட்டும் குத்து வாங்குகிறது. மூடியில்லாத காகிதப் பெட்டியொன்றை இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எத்துணை எளிதாக நெளிகிறது! வாயின் குறுக்கே ஒரு குச்சியை இறுக ஒட்டிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். அதன் எதிர்ப்பு கையிலே தெரியும். இடக் கோபுரத்தையும் வலக் கோபுரத்தையும் குறுக்கே இணைக்கும் தண்டு செய்வதும் இதுவே. ஒன்றன்மேல் விழும் பாரத்தை மற்றதும் பங்கிட்டுக் கொள்கிறது. ஒரே துண்டாக நேராக ஓடும் தண்டு நன்கு தாங்கும். இடையில் வளைந்ததும், முனைகளில் மூட்டு வைத்ததும் அதனிலும் குறைவாகவே தாங்கும்.

கொழும்பின் பஞ்சிகாவத்தையில், பிரித்தெடுத்த ஜப்பானியக் கார்களின் உறுப்புகள் மலையாகக் குவிந்திருக்கும் கடைகளுள் ஒன்றில் அத்தண்டு கிடைத்தது. அதைப் பூட்டித் தரும்படி எவரிடமும் கொடுக்கவில்லை. நாமே பூட்டுவதென முடிவு செய்தோம். ஆயினும் அறியாத வேலையை அறிந்தவன் துணையின்றிச் செய்வது வீரம் ஆகாது. எம்மிடம் சாதாரணதரம்வரை படித்துவிட்டுக் கொழும்புக் கராஜ் ஒன்றிற்குப் போய், ஆறு ஆண்டுகளின் பின் ஊர் திரும்பிய இளைஞன் ஒருவன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் நின்றால் போதும், கை வைக்கவேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொண்டோம். சிரித்துக்கொண்டே வந்தான்.

சமதரையிற் காரை நிறுத்தி, நான்கு சக்கரங்களும் நிலத்திற் பதிந்திருக்கும்படி விட்டோம். ஜாக் கொடுத்துத் தூக்கினால் தூண் தொங்கும். சக்கரம் நிலத்தில் இருந்தால் காரின் பாரமே தூணின் தலையை இடத்தில் வைத்திருக்கும். பின்னாசனத்தின் முதுகையும் அதன் பின்னுள்ள தட்டின் உறையையும் கழற்றினோம். இரு கோபுரங்களின் உச்சியும் தெரிந்தன. நடுவிலே ஒரு பெரிய நட்டு. அதைச் சூழ மூன்று சிறிய நட்டுகள்.

"சேர், சுத்தியிருக்கிற மூணையும் கழட்டுங்க. நடு நட்ட மட்டும் தொட்டுறாதீங்க. அதுதான் ஸ்பிரிங்க அமுக்கிப் புடிச்சிக்கிட்டு இருக்கு. அத அவுத்தா ஆளையே அடிச்சிடும்" என்றான்.

அமுக்கப்பட்ட சுருள்வில்லில் அடங்கியிருக்கும் சக்தியைப் பௌதிகப் புத்தகம் ஒரு சமன்பாடாகச் சொல்கிறது. அவன் அதனைத் தன் உடலால் அறிந்திருந்தான்.

நட்டுகளைக் கழற்றுமுன் கோபுரத்தின் தகட்டைக் கம்பித் தூரிகையாற் சுரண்டிப் பார்க்கச் சொன்னான். மேற்பூச்சுக்குக் கீழே துரு தின்றிருந்தால் தண்டு பூட்டிப் பயனில்லை. தின்ற தகட்டை வெட்டி ஒட்டுவதே முதல் வேலை என்றான். எமது காரின் தகடு நலமாகவே இருந்தது. ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட்டோம். தண்டின் அடித்தட்டை வைத்தபின், ஆணியின் புரி நட்டுக்கு மேலே வெளிப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம். தட்டின் தடிப்பினால் நட்டுக்குப் போதிய புரி கிடைக்காவிட்டால் அது நாளடைவிற் கழன்றுவிடும். பின்னர் தண்டின் நீளத்தைத் திருகிச் சரிசெய்தோம். கோபுரங்களைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது; தண்டு தன் இடத்தில் இயல்பாக அமர்ந்த பின்னரே பூட்டுநட்டை இறுக்கவேண்டும்.

இறுக்குவதற்கும் அளவு உண்டு. காரின் கைந்நூல் ஒரு நட்டுக்கு 40 நியூட்டன் மீற்றர் என்று சொன்னால், 25 சதமமீற்றர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் ஏறத்தாழ 16 கிலோகிராம் பாரத்தின் அழுத்தம் என்பது பொருள். அவன் கணக்குப் போடவில்லை. எமது முழங்கையைப் பார்த்தே "போதும் சேர்" என்றான். அளவுகாட்டும் ஸ்பானரை இரவல் வாங்கிச் சரிபார்த்தோம். அவன் சொன்ன இடத்திலேயே அது சொடுக்கியது. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடியும் இறுக்கம் பார்க்கும்படி சொல்லிக் கையைத் துடைத்தான். எம் கை கறுத்திருந்தது, அவனுடையது வெளுத்திருந்தது. அதைக் கண்டு இருவரும் சிரித்தோம்.

தேநீர் அருந்தும்போது, பாடசாலையை விட்டுப் போனது ஏன் என்று கேட்டோம். வீட்டு வறுமையைச் சொல்வான் என்று எதிர்பார்த்தோம். வறுமை இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது வேறு.

"ஸ்கூல்ல எல்லாத்தையும் எழுதச் சொன்னாங்க சேர். ஒண்ணையும் செய்யச் சொல்லல. எழுத வராதவன் மக்குன்னு ஆயிருச்சி. இத மாதிரி ஒரு வேலைய அப்ப கையில குடுத்திருந்தா நானும் இருந்திருப்பேன்."

இக்குற்றச்சாட்டு தனியொரு பாடசாலையின் மீதோ ஆசிரியன் மீதோ விழுவதன்று. எழுதுபவனை மேலும் செய்பவனைக் கீழும் வைத்த ஒரு கல்வி முறையின் மீது விழுவது. 1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை செல்லவேண்டியிருந்தது. தேயிலையைக் கிள்ளிய கைகளின் பிள்ளைகளுக்கு ஏடு அவ்வளவு தாமதமாகக் கிடைத்தது. அப்படிக் கிடைத்த ஏடும் கையை மறக்கச் சொல்லும் ஏடாகவே கிடைத்தது. லயத்திலிருந்து தப்பும் வழி எழுதுகோல் ஒன்றே என்று பெற்றோர் நம்பினர். அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. கையுழைப்புக்கு இந்நாடு கொடுத்த கூலி என்னவென்று அவர்கள் அறிவர். ஆகவே எழுதுகோலைப் பற்றாதவன் தன்னையே தோல்வியாளனாக எண்ணிக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறுகிறான்.

2013 இல் உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. நல்ல முயற்சியே. ஆயினும் எமது பாடசாலையில் அப்பிரிவு இல்லை. அதற்கு வேண்டிய பட்டறையும் கருவிகளும் பயிற்றுவோரும் மலையேறி வந்து சேரவில்லை. துருத் தின்ற தகட்டின்மேல் தண்டு பூட்டிப் பயனில்லை என்று அவ்விளைஞன் சொன்னதைக் கல்வி அதிகாரிகளும் கேட்டிருக்கவேண்டும். அடித்தளத்திற் சமத்துவம் இல்லாதபோது மேலே பூட்டும் திட்டம் எதுவும் நெடுநாள் நில்லாது.

மொழி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கலைச்சொல் ஆக்கத்தில் ஈழத்துத் தமிழறிஞர் உழைத்த உழைப்புச் சிறிதன்று. ஆயினும் அச்சொற்களுட் பல நூலகத்தைத் தாண்டி கராஜிற்குள் நுழையவில்லை. எமது இளைஞன் தன் தொழிற்குருவைப் பாஸ் என்கிறான். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அச்சொல், அவர் ஆட்சி நீங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் சிங்களத் தொழிலாளியின் நாவிலும் தமிழ்த் தொழிலாளியின் நாவிலும் ஒருங்கே வாழ்கிறது. உழைப்பவன் வாயிற் புகுந்த சொல்லுக்கு இனபேதமும் இல்லை, சாவும் இல்லை. புரி, ஆணி, நெம்பு என்னும் நல்ல தமிழ்ச் சொற்களும் அந்த வாயிலேதான் பிழைத்திருக்கின்றன. மொழியைக் காக்கப் புறப்படுவோர் பட்டறைகளுக்கும் ஒருமுறை சென்று வருதல் நன்று.

தண்டினால் விளைந்த பயன் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மிகைப்படுத்த விரும்பவில்லை. எமது கார் பின்னால் டிக்கி தனியே பிரிந்த வகை. ஆசனத்தின் பின்னுள்ள தகடும் மேற்தட்டும் ஏற்கெனவே ஓரளவு இறுக்கம் தருவன. பின்பக்கம் முழுதும் திறந்த வகைக் கார்களிலேதான் மாற்றம் பெரிதாகத் தெரியும். கினிகத்தேனை வளைவுகளில் காரின் பின்பகுதி சற்று ஒழுங்காகப் பின்தொடர்கிறது. குழிகளில் எழுந்த கிரீச்சொலி குறைந்திருக்கிறது. அவ்வளவே. தேய்ந்த ரயருக்கும், எண்ணெய் கசியும் ஸ்ட்ரட்டுக்கும், நைந்த றப்பர்களுக்கும் தண்டு மருந்தாகாது. அவற்றை மாற்றிய பின்னரே இதை நினைக்கவேண்டும்.

எமக்குக் கிடைத்த பெரும்பயன் வேறு. அதற்கடுத்த வாரம் அதிபரின் இசைவுடன் அவ்விளைஞனை வகுப்புக்கு அழைத்தோம். பழுதாகி ஒதுக்கப்பட்ட ஸ்ட்ரட் ஒன்றைத் தோளிற் சுமந்து வந்தான். சுருள்வில்லை முன்னரே பாதுகாப்பாகக் கழற்றியிருந்தான். எழுத்திற் பின்தங்கியவர் என்று பட்டியலிடப்பட்ட மாணவர் நால்வர் அன்று எல்லோருக்கும் முன்னே வந்து நின்று, ஓயாது கேள்வி கேட்டனர். மறுநாள் அவர்களையே அதுபற்றிக் கட்டுரை எழுதச் சொன்னோம். எழுதினார்கள். எழுத்துப்பிழை இருந்தது, பொருட்பிழை இல்லை.

ஆசிரியத் தோழர்களே, இதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு பாடசாலையைச் சூழவும் ஒரு கராஜ் உண்டு, ஒரு தச்சன் உண்டு, ஒரு மேசன் உண்டு. அவர்களுட் பலர் நம் வகுப்புகளில் கடைசி வாங்கில் இருந்து எழுந்து போனவர்கள். அவர்களை வகுப்பின் முன்னே நிறுத்தி, ஒரு பாடவேளையேனும் கேட்போம். கையால் உழைப்பவன் அறிவில்லாதவன் என்னும் பொய் நம் காலத்திலேயே முடிந்து போகட்டும்.