எருதின் பெயர் பெற்ற மலை

அயலூரில் குடியேறும் குடும்பத்துக்கு முதலில் பழகுவது அவ்வூரின் பெயர். அப்பெயரின் பொருளோ நெடுநாள் கழித்தே விளங்கும். மைய அரசின் எழுத்தராகச் சித்தூரிலும் திருப்பதியிலும் பணியாற்றி வரும் நாம் இதனை அனுபவத்தில் கண்டோம்.

பள்ளியில் தெலுங்கு பயிலும் நம் இளைய மகள் ஒருநாள், "ஏழுமலையில் ஒரு மலைக்கு விருஷபாத்திரி என்று எருதின் பெயர் வந்தது ஏன், அப்பா?" என வினவினாள். விருஷபாசுரன் திருமாலோடு பொருது வீழுங்கால், அம்மலை தன் பெயரால் விளங்க வேண்டுமென வரம் பெற்றான் என்பது தலபுராணம்.

அலுவலகத்துத் தெலுங்கு நண்பர் இன்னொரு கதையும் சொன்னார். சோழ மன்னனின் ஆநிரையில் இருந்த பசுவொன்று நாள்தோறும் புற்றின்மேல் பால் சொரிந்தது. சினந்த இடையன் கோடரியை ஓங்கினான். புற்றிலிருந்து எழுந்த பெருமாள் அவ்வடியைத் தாம் ஏற்றார். திருமலையில் வைகறையில் நடை திறக்கையில் 'சன்னிதி கொல்லா' எனப்படும் ஆயர் குலத்தவர் முன்னிற்கும் மரபை இக்கதையோடு இணைத்துப் பேசுவர். அரசன் தமிழன், இடையனோ தெலுங்கரின் கொல்லா. கதை இருவரையும் ஒருங்கே வைத்துக்கொண்டது.

மேலை நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. அயர்லாந்தின் பழங்கதையில் மேவ் என்னும் அரசி ஓர் எருதுக்காகப் படையெடுக்கிறாள். கூகுலின் என்னும் இளைஞன் தனித்து நின்று தடுக்கிறான். நம் இலக்கணத்தார் வகுத்த வெட்சியும் கரந்தையும் இவையே அல்லவா? முடிவில் பழுப்பு எருது வெள்ளெருதைக் கொன்று, அதன் உடலைக் கொம்பில் சுமந்து செல்கிறது. இடுப்புத்தசை வீழ்ந்த ஆற்றுத்துறையே அத்லோன் எனப் பெயர் பெற்றதாம். ஆராய்ச்சியாளரோ அதனை லுவான் என்பவனின் துறை என்பர். இத்தகைய ஊர்ப்பெயர்க் கதைகளை அந்நாட்டார் 12ஆம் நூற்றாண்டிலேயே ஏடுகளில் தொகுத்து வைத்தனர்.

வேங்கடத்துக்கும் இருவகை விளக்கம் உண்டு. பாவத்தை எரிப்பது என்பர் வடமொழியாளர். வெம்மையான காட்டுவழி என்பர் தமிழறிஞர். சித்தூரைச் சிற்றூர் என்பாரும் உளர். சொல்லாராய்ச்சி சொல்லின் வேரைக் காட்டும்; கதையோ அங்கு வாழ்ந்தோர் எதனைப் போற்றினர் என்பதைக் காட்டும். இரண்டும் வேண்டுவனவே.

1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுட் சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நிலம் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, பசுவும் புற்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நிலத்தைச் சங்கப் புலவர் மொழிபெயர் தேயம் என்றனர். அன்று பொருள் தேடிச் சென்றவன் இல்லாளை ஊரில் விட்டுச் சென்றான். நாமோ மனைவி மக்களோடு, அடுப்பும் அம்மியும் கொண்டு வந்து குடியேறியிருக்கிறோம். ஆதலின் அவனுக்கில்லாத கடமையொன்று நமக்குண்டு. குடியிருக்கும் ஊரின் கதையை அவ்வூராரிடமே கேட்டறிந்து, அதனை நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுதல் வேண்டும். அவ்வாறு செய்யின், அவர்கள் பிறந்த மண்ணும் பேசும் மொழியும் ஒன்றுக்கொன்று அயலாகா.